680 ஆண்டு பழைய பல் சொன்ன ரகசியம்... 'கறுப்பு மரணம்' எங்கே தொடங்கியது தெரியுமா?

1346 முதல் 1353 வரை ஐரோப்பாவைப் புரட்டிப் போட்ட கொள்ளைநோய் 'கறுப்பு மரணம்'. அங்கிருந்த மக்கள்தொகையில் பாதிப்பேர் வரை இறந்திருக்கலாம் என்பது வரலாற்று ஆய்வாளர்களின் கணிப்பு. இது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பல நூற்றாண்டுகளாக உறுதியான பதில் இல்லை. கடைசியில் துப்பு கொடுத்தது ஏடுகள் அல்ல, இறந்தவர்களின் பற்கள்!

அதெப்படி பல்லுக்குள் கிருமி?

பல்லின் நடுவில் இருக்கும் கூழ்ப்பகுதிக்கு ரத்த ஓட்டம் உண்டு. பிளேக் முற்றியவரின் ரத்தத்தில் கிருமி பரவியிருக்கும். அவர் இறந்ததும் அந்த ரத்தம் பல்லுக்குள்ளேயே காய்ந்து விடுகிறது. வெளியே இருக்கும் கடினமான எனாமல் ஒரு பெட்டகம் மாதிரி அதைப் பாதுகாக்கிறது. கிருமி உயிரோடு இருக்காது. ஆனால் அதன் டிஎன்ஏ துண்டு துண்டாக மிஞ்சியிருக்கும்.

அது பழைய டிஎன்ஏதான்னு எப்படி உறுதி செய்றாங்க?

ஆய்வாளரின் தும்மலிலிருந்தோ, கல்லறை மண்ணிலிருந்தோ வேறு டிஎன்ஏ கலந்துவிடலாம். அதனால் முழு பாதுகாப்பு உடையில், தூசு புகாத ஆய்வகத்தில்தான் பல்லைத் துளையிட்டுப் பொடி எடுக்கிறார்கள். அதோடு, காலம் ஆக ஆக டிஎன்ஏ துண்டுகளின் முனைகளில் ஒருவித வேதி மாற்றம் ஏற்படும். அந்தத் தேய்மானம்தான் 'இது பழசு' என்பதற்கான முத்திரை.

லண்டனில் கிடைத்த முதல் வெற்றி

லண்டனின் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டில், 1348-50 காலத்தில் கொள்ளைநோயில் இறந்தவர்களைப் புதைத்த இடுகாடு ஒன்று உண்டு. அங்கு கிடைத்த பற்களிலிருந்து 'யெர்சினியா பெஸ்டிஸ்' பாக்டீரியாவின் மரபணுத் தொகுப்பை 2011இல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். கறுப்பு மரணத்துக்குக் காரணம் பிளேக்தானா என்ற நீண்டகால விவாதத்துக்கு இது முடிவு கட்டியது.

கிர்கிஸ்தானுக்கு எப்படிப் போனார்கள்?

கிர்கிஸ்தானின் இசிக்-குல் ஏரிக்கு அருகே பழைய கல்லறைகள் உள்ளன. அங்கு ஆண்டு பொறிக்கப்பட்ட 467 கல்லறைக் கற்களில் 118 கற்கள் 1338, 1339 ஆகிய இரண்டே ஆண்டுகளைச் சேர்ந்தவை. சிலவற்றில் 'கொள்ளைநோயால் இறந்தார்' என்றே சிரியாக் மொழியில் எழுதியிருந்தது. அங்கே அடக்கமான ஏழு பேரின் பற்களைச் சோதித்ததில் மூன்று பேரிடம் பிளேக் கிருமியின் டிஎன்ஏ இருந்தது. 2022இல் வெளியான இந்த ஆய்வின்படி, ஐரோப்பாவில் பரவிய கிருமி வகைக்கு இது மூதாதை. அதாவது, ஐரோப்பாவுக்குப் போவதற்குச் சுமார் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே நோய் இங்கே உயிர்களைப் பறித்திருக்கிறது. வணிகப் பாதைகள் வழியாகப் பயணித்திருக்கலாம் என்று கருதப்படுகிறது.

இந்த முறையில் குறையே இல்லையா?

இருக்கிறது. பல்லில் கிருமி கிடைக்கவில்லை என்பதற்காக அவருக்கு நோயே இல்லை என்று சொல்லிவிட முடியாது. டிஎன்ஏ அழிந்து போயிருக்கலாம். ரத்தத்தில் கலக்காத நோய் என்றால் பல்லில் தடயமே இருக்காது. ஃப்ளூ போன்ற ஆர்என்ஏ வைரஸ்கள் இன்னும் சீக்கிரம் சிதைந்துவிடும்.

செத்துப்போன கிருமியைத் தேடி என்ன லாபம்?

பிளேக் இன்னும் ஒழியவில்லை என்பதுதான் பதில். 1994இல் சூரத் நகரிலிருந்து ஏராளமானோர் பிளேக் பீதியில் வெளியேறியது நமக்குத் தெரியும். 2017இல் மடகாஸ்கரில் 200க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். இன்று ஆன்டிபயாடிக் மருந்தால் குணப்படுத்தலாம், ஆனால் சிகிச்சை தாமதமானால் உயிருக்கே ஆபத்து.

கிர்கிஸ்தானின் தியான் ஷான் மலைப்பகுதியில் வாழும் கொறிக்கும் விலங்குகளிடம், அந்த மூதாதைக் கிருமிக்கு நெருங்கிய வகைகள் இன்றும் இருக்கின்றன. விலங்கிடமிருந்து மனிதனுக்கு ஒரு கிருமி எப்போது தாவுகிறது, எப்படி மாறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால், எங்கே கண்காணிப்பைப் பலப்படுத்த வேண்டும் என்று தெரியும். அடுத்த தொற்றுக்குத் தயாராக அந்தப் பழைய பற்கள் உதவுவது இப்படித்தான்.