பூனை வளர்ப்புப் பொருட்கள்: உறி முதல் மணல் தட்டு வரை

பூனை வளர்ப்புப் பொருட்கள் என்பவை, புதிதாக ஒரு பூனையை வீட்டுக்குக் கொண்டுவரும் முன் ஆயத்தம் செய்து வைக்கும் பொருட்கள். உணவுக் கலம், தண்ணீர்க் கலம், மணல் தட்டு, படுக்கை, சுமந்து செல்லும் கூடை, நகம் கீறும் கட்டை ஆகியவை இவற்றில் முதன்மையானவை. இன்று கடைகளில் தனிப் பிரிவாக விற்கப்படும் இப்பொருட்களில் பெரும்பாலானவை கடந்த நூறு ஆண்டுகளுக்குள் உருவானவை. அதற்கு முன் தமிழக வீடுகளில் நடந்த முன்னேற்பாடு வேறு வகையானது. பூனையிடமிருந்து வீட்டுப் பொருளைக் காப்பதே அதன் நோக்கம். இன்றைய முன்னேற்பாடு வீட்டிலுள்ள ஆபத்துகளிலிருந்து பூனையைக் காப்பதை நோக்கமாகக் கொண்டது. இந்த மாற்றமே பூனை வளர்ப்புப் பொருட்களின் வரலாறு.

தொன்மை

வீட்டுப்பூனை, மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழும் காட்டுப்பூனை இனத்திலிருந்து தோன்றியது என்பதை 2007-ல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனித எலும்புக்கூட்டின் அருகே பூனையின் எலும்புக்கூடு கிடைத்தது. தானியம் சேமிக்கப்பட்ட இடங்களுக்கு எலிகள் வந்தன. எலிகளைத் தேடிப் பூனைகள் வந்தன. மாட்டையும் ஆட்டையும் மனிதன் பிடித்துக் கட்டினான். பூனையோ தானாக வந்து தங்கியது. அதனால் அதற்குத் தொழுவமும் தீவனமும் ஏற்பாடு செய்யும் வழக்கம் தொடக்கத்தில் உருவாகவில்லை.

தமிழில்

சங்க இலக்கியத்தில் பூனை இனம் 'வெருகு' என்ற பெயரால் மிகுதியும் குறிப்பிடப்படுகிறது. இது பெரும்பாலும் காட்டுப்பூனை. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய குறுந்தொகை 139-ம் பாடலில், மாலை நேரத்தில் வேலியருகே வந்த வெருகைக் கண்டு வீட்டுக்கோழி தன் குஞ்சுகளை அழைக்கிறது. தொல்காப்பிய மரபியல் வெருகைப் 'பூசை' என்றும் சொல்லலாம் என்கிறது. அதன் இளமைப்பெயராகக் 'குட்டி'யைக் குறிக்கிறது. பூசை என்னும் சொல்லோடு உறவுடைய 'பூச்ச' மலையாளத்தில் இன்றும் வழங்குகிறது.

மாமல்லபுரத்தில் பொ.யு. 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரும்பாறைப் புடைப்புச் சிற்பத்தில், முன்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனையும் அதைச் சுற்றி எலிகளும் செதுக்கப்பட்டுள்ளன. கம்பராமாயணத்தின் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க முயலும் பூனையாகக் கம்பர் தன்னைச் சொல்லிக்கொள்கிறார். எலி பிடிப்பது, பால் திருடுவது என்ற இரண்டு இயல்புகளே தமிழ் மரபில் பூனையின் அடையாளங்களாக நிலைத்தன.

உறி

பால், தயிர், வெண்ணெய்ப் பானைகளைக் கூரையிலிருந்து கயிற்று வலையில் தொங்கவிடும் அமைப்பு உறி எனப்படும். பூனைக்கு எட்டாத உயரத்தில் பண்டத்தை வைப்பது அதன் பயன்களில் ஒன்று. அடுக்களைக் கதவை அடைத்து வைப்பது, மீன் சட்டியின் மூடிமேல் கல் ஏற்றுவது ஆகியவையும் பூனை இருக்கும் வீட்டின் ஏற்பாடுகள். பூனையை எலிக்காக வைத்திருந்த வீட்டில் அதற்கு வயிறார உணவு போட்டால் அது வேட்டைக்குச் செல்லாது என்ற நம்பிக்கையும் இருந்தது. உண்மையில் பூனையின் வேட்டை இயல்பு பசியை மட்டும் சார்ந்ததல்ல. நன்றாக உணவு பெறும் பூனையும் எலி பிடிக்கும்.

இரணியல் பகுதி

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் உள்ள இரணியல், பழைய பெயரில் இரணியசிங்கநல்லூர். பத்மநாபபுரத்துக்கு முன் வேணாட்டு அரசர்களின் தலைநகராக விளங்கிய ஊர். கைத்தறி நெசவுக்கும் அறியப்பட்டது. 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு இணையும்வரை இப்பகுதி திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியின்கீழ் இருந்தது.

நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். நெல்லைப் பத்தாயத்தில் சேமித்த வீடுகளில் எலி பெருந்தொல்லை. நெசவு வீட்டில் கஞ்சி போட்ட பாவு நூலையும் எலி விட்டுவைக்காது. எலியைத் தேடிப் பாம்பும் வீட்டுக்குள் வரும். ஆகவே பூனை இங்கே வேலை செய்யும் உயிராகவே வீட்டில் இடம் பெற்றது. அதற்கான பொருட்கள் வீட்டைச் சுற்றியே கிடைத்தன. தேங்காய்ச் சிரட்டை உணவுக் கலம். பனையோலைப் பெட்டி அல்லது சாக்கு, குட்டியைக் கொண்டுவரும் கூடை. குளச்சல் கடற்கரையிலிருந்து வரும் சாளை மீனின் தலையும் முள்ளும் சோற்றோடு சேர்ந்து உணவாயின. அடுப்படிச் சாம்பலும் மணலும் கழிவிடம். தென்னையில் அது நகம் கீறிக்கொண்டது.

இவற்றில் பல இன்றும் பயன்படத்தக்கவை. கதம்பைக் கயிற்றை மரக்கட்டையில் இறுக்கிச் சுற்றினால் நகம் கீறும் கட்டை கிடைத்துவிடும். சாக்கு மட்டும் ஏற்றதல்ல. இருட்டிலும் காற்றோட்டம் இல்லாமலும் வரும் குட்டி, அச்சத்தால் நாள்கணக்கில் ஒளிந்துகொள்ளும், உணவைத் தொடாது.

கொள்ளைநோயும் பூனையும்

1896-ல் பம்பாயில் தொடங்கிய பிளேக் நோய் பூனையின் மதிப்பை உயர்த்தியது. எலித்தெள்ளு வழியாக நோய் பரவுவது தெளிவான பின், இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ஆண்ட்ரூ புக்கானன் பிளேக்கைத் தடுக்கப் பூனை வளர்க்க வேண்டும் என்று 1908-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். பூனைக்கும் பிளேக் தொற்றும், அதன் மூலம் மனிதருக்கும் வரலாம் என்பது பின்னர் உறுதியானது. எனினும் பூனை வளர்ப்பு ஒரு சுகாதார நடவடிக்கையாகப் பேசப்பட்டது அந்தக் காலத்தில்தான்.

மணல் தட்டு

மேலைநாடுகளில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருந்த பூனைகளுக்குச் சாம்பலும் மணலும் மரத்தூளும் நிரப்பிய பெட்டிகள் வைக்கப்பட்டன. 1947-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ, எண்ணெய்க் கசிவை உறிஞ்சப் பயன்பட்ட ஒருவகைக் களிமண்ணைப் பூனை மணலாக விற்கத் தொடங்கினார். 1980-களில் ஈரம் பட்டதும் கட்டியாகும் பென்டோனைட் களிமண் வந்தது. இந்தியாவில் பென்டோனைட் குஜராத்தின் கச்சுப் பகுதியில் மிகுதியாகக் கிடைக்கிறது.

இந்தக் களிமண் பூனை வளர்ப்பின் முறையை மாற்றியது. முற்றமும் தோட்டமும் இல்லாத அடுக்குமாடி வீட்டிலும் பூனை வாழ முடிந்தது. பூனை முழுநாளும் வீட்டுக்குள் இருக்கத் தொடங்கியதும், அது வெளியே தானாகத் தேடிக்கொண்ட அனைத்தையும் மனிதர் வாங்கித் தர வேண்டியதாயிற்று.

உணவு

19-ம் நூற்றாண்டு லண்டனில் பூனைகளுக்கான குதிரை இறைச்சியைத் தெருத்தெருவாக விற்றவர்கள் இருந்தனர். ஹென்றி மேஹ்யூ அவர்களைப் பற்றி எழுதியுள்ளார். 1950-களில் மாவை உயர்வெப்பத்தில் அழுத்திப் பிதுக்கும் முறையால் உலர் உணவு பெருகியது. தொழிற்சாலை உணவு தொடக்கத்தில் குறைகளோடு இருந்தது. டாரின் என்னும் சத்து குறைந்தால் பூனையின் விழித்திரை சிதையும் என்பதை 1975-லும், இதயத்தசை தளரும் என்பதை 1987-லும் ஆய்வுகள் நிறுவின. அதன்பின் பூனை உணவில் டாரின் அளவு உயர்த்தப்பட்டது. பூனை இறைச்சியுண்ணி என்பதும், சோறும் பாலும் மட்டும் அதற்குப் போதாது என்பதும் இதன்மூலம் தெளிவாயின.

தெனாலிராமன் கதையில் பூனை வளர்க்க அரசர் பசு தருகிறார். சூடான பாலில் வாய் சுட்ட பூனை பிறகு பாலைக் கண்டாலே ஓடுகிறது. பால் பூனையின் இயல்பான உணவு என்ற எண்ணத்தின்மேல் அமைந்த கதை இது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கு உண்டாகும். தாயைப் பிரிந்த சிறு குட்டிக்குப் பசும்பால் மட்டும் கொடுப்பது அதன் இறப்பில் முடியக்கூடும். குறைந்தது எட்டு வாரம் தாயோடு இருந்த குட்டியை எடுப்பதே முறை.

மருத்துவம்

சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. தொடக்கக் காலக் கால்நடை மருத்துவம் குதிரை, மாடு ஆகியவற்றையே முதன்மையாகக் கொண்டது. வெறிநோய்த் தடுப்புக்காகக் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-ல் செயல்படத் தொடங்கியது. பூனைக்கும் வெறிநோய் வரும். பூனை கடித்தால் அல்லது கீறினால் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

குட்டிகளைக் கூட்டமாகக் கொல்லும் நோய் பான்லூகோபீனியா. இதன் வைரஸ் தரையிலும் துணியிலும் ஓராண்டு வரை உயிர்ப்போடு இருக்கக்கூடியது. ஒரு வீட்டில் பூனை வளர்ந்தால் 'ராசியில்லை' என்று சொல்லப்படுவதற்கு இத்தகைய நோய் காரணமாக இருக்கலாம். இந்நோயால் குட்டி இறந்த வீட்டில் பழைய படுக்கையையும் கலத்தையும் அகற்றி, ப்ளீச்சிங் கரைசலால் தரையைக் கழுவி, தடுப்பூசி முடித்த பூனையையே கொண்டுவர வேண்டும். தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில் தொடங்குகிறது.

வீட்டிலிருந்து அகற்ற வேண்டியவையும் முன்னேற்பாட்டில் அடங்கும். மனிதருக்கான பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லும். நாய்களுக்கான, பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தும் அவ்வாறே. லில்லி மலர்கள் பூனையின் சிறுநீரகத்தைச் சிதைக்கும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் நஞ்சுடையது.

சட்டம்

1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், வளர்க்கும் விலங்குக்குப் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராமல் இருப்பதைக் குற்றமாக்கியது. பட்டினியால் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவதும் குற்றம். வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையிலோ ஆற்றங்கரையிலோ விட்டுவரும் பழைய வழக்கம் இதன்படி தண்டனைக்குரியது. கருத்தடை அறுவை மருத்துவம் அதற்கு மாற்றாக உள்ளது. எனவே புதிதாகப் பூனை வளர்ப்பவரின் ஆயத்தப் பட்டியலில் கலம், தட்டு, கூடை ஆகியவற்றோடு கருத்தடைக்கான செலவும் இன்று இடம்பெறுகிறது.