கைரோபிராக்டிக்: முதுகெலும்பையும் நரம்பையும் இணைத்த ஒரு கோட்பாட்டின் வரலாறு

கைரோபிராக்டிக் என்பது மருந்தும் அறுவையும் இன்றி, உடலின் மூட்டுகளை, சிறப்பாக முதுகெலும்பின் மூட்டுகளை, கையால் அழுத்தியும் அசைத்தும் நோய் நீக்க முயலும் ஒரு மருத்துவமுறையாகும். இது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் தோன்றியது. கையால் எலும்பையும் மூட்டையும் சீர்செய்யும் வழக்கம் உலகின் பல நாடுகளிலும் நெடுங்காலமாக உள்ளதே. ஆயினும், முதுகெலும்பில் நேரும் சிறு பிசகு நரம்பின் செயலைத் தடுக்கிறது, அத்தடையே நோய்களுக்கெல்லாம் வேர் என்ற கொள்கையை நிறுவி, அதையே தன் அடையாளமாகக் கொண்டதால் இம்முறை மற்றவற்றினின்று வேறுபட்டு நின்றது. ஆகவே இதன் வரலாறு பெரிதும் அந்த நரம்புக் கொள்கை எழுந்து, பரவி, தளர்ந்த வரலாறேயாகும்.

இதைத் தோற்றுவித்த டேனியல் டேவிட் பால்மர் 1845இல் கனடாவின் ஒண்டாரியோவில் பிறந்து, 20 வயதளவில் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தவர். மருத்துவக் கல்வி பெறாத இவர், உடலில் காந்த ஆற்றல் உண்டென்றும் அதைக் கைவழியே நோயாளிக்குச் செலுத்தலாம் என்றும் அக்காலத்தில் நம்பப்பட்ட காந்த மருத்துவத்தை டேவன்போர்ட் நகரில் ஏறத்தாழ 9 ஆண்டுகள் செய்துவந்தார். அவர் இருந்த கட்டடத்தில் துப்புரவுப் பணி செய்த ஹார்வி லில்லார்டு என்பவர், 17 ஆண்டுகளுக்கு முன் குனிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ நெரிந்ததாகவும் அன்றுமுதல் செவி கேட்கவில்லை என்றும் கூற, அவர் முதுகில் புடைத்திருந்த ஒரு முள்ளெலும்பைப் பால்மர் கையால் அழுத்தினார் என்றும், அதன்பின் செவிப்புலன் மீண்டது என்றும் பால்மர் எழுதியுள்ளார். 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் இதுவே இத்தொழிலின் தொடக்கமாகக் கொண்டாடப்படுகிறது. கை என்றும் செயல் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்துப் பெயர் சூட்டியவர், பால்மரிடம் மருத்துவம் பெற்ற சாமுவேல் வீட் என்ற பாதிரியார். 1897இல் பால்மர் தம் பள்ளியைத் தொடங்கினார்.

முள்ளெலும்பு தன் இடத்தினின்று முழுதும் விலகாமல் சற்றே நழுவியிருப்பதைப் பால்மர் ‘சப்லக்ஸேஷன்’ என்றார். தமிழில் இதைப் பிசகு எனலாம். உடலை இயக்கும் ‘உள்ளுறை அறிவு’ ஒன்று நரம்புகள் வழியே உறுப்புகளை ஆள்கிறது என்றும், பிசகிய எலும்பு நரம்பின் இயல்பான விறைப்பை மிகுத்தோ குறைத்தோ அந்த ஆளுகையைக் கெடுக்கிறது என்றும் அவர் கருதினார். நோய்களில் 100க்கு 95 முள்ளெலும்புப் பிசகாலும், எஞ்சியவை பிற மூட்டுகளின் பிசகாலும் வருவன என்று 1910இல் வெளியான தம் பெருநூலில் அவர் அறுதியிட்டார். இங்கு உடற்கூற்றியல் தரும் செய்தியை நினைவில் கொள்ள வேண்டும். தண்டுவடத்தினின்று கிளம்பும் 31 இணை நரம்புகள் முதுகெலும்பின் இடைத்துளைகள் வழியே வெளியேறுகின்றன என்பது உண்மையே. ஆனால் ஒலியை மூளைக்குக் கொண்டுசெல்லும் செவிநரம்போ உட்செவியினின்று மூளைத்தண்டுக்கு மண்டையோட்டுக்குள்ளேயே சென்றுவிடுகிறது, முதுகெலும்பை அது தொடுவதே இல்லை. இதயத்தையும் இரைப்பையையும் ஆளும் வேகஸ் நரம்பும் மண்டையோட்டின் அடித்தளத்தினின்று நேரே கீழிறங்குவது. எனவே இத்தொழிலின் முதல் நிகழ்ச்சியையே இத்தொழிலின் கொள்கையால் விளக்க இயலவில்லை.

அவ்வாறிருந்தும் அக்கொள்கை வேரூன்றியதற்கு மருத்துவக் காரணத்தினும் வலிய ஒரு சட்டக் காரணம் இருந்தது. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874இல் அறிவித்த ஆஸ்டியோபதி என்ற முறையும் கையால் எலும்பை அசைப்பதாகவே இருந்தமையால், உரிமம் இன்றி மருத்துவமோ ஆஸ்டியோபதியோ செய்கிறார்கள் என்று கைரோபிராக்டிக் செய்வோர் மீது வழக்குகள் தொடுக்கப்பட்டன. பால்மரே 1906இல் தண்டிக்கப்பட்டு 23 நாள் சிறையிலிருந்தார். 1907இல் விஸ்கான்சின் மாநிலத்தின் லா கிராஸ் நகரில், ஷெகடாரோ மோரிகுபோ என்ற ஜப்பானியர் மீது நடந்த வழக்கில், ஆஸ்டியோபதி குருதியோட்டத்தை நோக்குவது, கைரோபிராக்டிக் நரம்பை நோக்குவது, ஆகவே இரண்டும் வெவ்வேறு என்று அவருடைய வழக்கறிஞர் டாம் மோரிஸ் வாதிட, மோரிகுபோ விடுதலை பெற்றார். அன்றுமுதல் நரம்பு என்ற சொல் இத்தொழிலுக்குக் கேடயமாயிற்று. கேடயமாகிவிட்ட ஒன்றை ஆய்வுக்களத்தில் இறக்கி உடைத்துப் பார்க்க எவரும் எளிதில் முன்வரவில்லை என்பதே இவ்வரலாற்றில் மிகவும் வருந்தத்தக்க பகுதி. 1913இல் கான்சாஸ் மாநிலம் இத்தொழிலுக்கு முதன்முதலாக உரிமச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் பால்மர் மறைந்தார். அமெரிக்க மாநிலங்களுள் கடைசியாக லூசியானா சட்டம் இயற்றியது 1974இல்தான்.

தந்தையின் பள்ளியைத் தம் பொறுப்பில் கொண்ட பி. ஜே. பால்மர் அதைப் பெரும் நிறுவனமாக வளர்த்தார். 1910இல் எக்ஸ்ரே கருவியைப் பள்ளிக்குக் கொணர்ந்தார். 1924இல், முதுகெலும்பின் இருபுறமும் தோலின் வெப்ப வேறுபாட்டை அளந்து நரம்புத் தடையைக் காட்டுவதாகச் சொல்லப்பட்ட நியூரோகலோமீட்டர் என்ற கருவியை அறிமுகப்படுத்தி, அதை எல்லோரும் தம்மிடமே வாடகைக்குப் பெறவேண்டும் என்று வற்புறுத்தியதால், ஆசிரியர்களும் பின்பற்றியோரும் பலர் அவரை விட்டு நீங்கினர். பிசகை நீக்குவதொன்றே பணி என்ற நேர்வழியினரும், உடற்பயிற்சி, வெப்பம், மின்சாரம் முதலியவற்றையும் சேர்த்துக்கொண்ட கலப்புவழியினரும் என இத்தொழில் அதற்கு முன்பே இரண்டுபட்டிருந்தது. அப்பிளவு இன்றும் முழுதும் ஆறவில்லை.

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963இல் போலி மருத்துவ ஒழிப்புக் குழு ஒன்றை அமைத்து, கைரோபிராக்டிக்கைக் கட்டுப்படுத்தி இறுதியில் இல்லாமற் செய்வதை நோக்கமாகக் கொண்டது. கைரோபிராக்டிக் செய்வோரோடு தொழில்முறையில் சேர்ந்து பணியாற்றுவது மருத்துவ அறநெறிக்கு மாறானது என்றும் கருதப்பட்டது. இதை எதிர்த்துக் கைரோபிராக்டிக் செய்வோரான செஸ்டர் வில்க்கும் வேறு சிலரும் 1976இல் தொடுத்த வழக்கில், சங்கம் வணிகப் போட்டியைத் தடுக்கும் வகையில் சட்டவிரோதமாகப் புறக்கணிப்பு நடத்தியது என்று நீதிபதி சூசன் கெட்செண்டானர் 1987இல் தீர்ப்பளித்தார். 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தீர்ப்பு புறக்கணிப்பைக் கண்டித்ததேயன்றி, நரம்புக் கொள்கை மெய்யென்று சான்று வழங்கவில்லை. எனினும் அவ்வாறே பலர் அதைப் பொருள் கொண்டனர்.

அறிவியல் ஆய்வு வழக்குமன்றத்திற்கு வெளியே நடந்தது. யேல் பல்கலைக்கழக உடற்கூற்றியலாளர் எட்மண்ட் கிரெலின், இறந்து சில மணி நேரமேயான உடல்களின் முதுகெலும்பை வளைத்தும் திருகியும் சோதித்து, எலும்பு முறியும் அளவுக்கு விசை செலுத்தினாலன்றி இடைத்துளையின் விளிம்பு நரம்பை நெருக்குவதில்லை என்று 1973இல் எழுதினார். முள்ளெலும்புகளுக்கிடையே உள்ள வட்டு, பேச்சு வழக்கில் ஜவ்வு எனப்படுவது, பிதுங்கி நரம்பை அழுத்துவது மெய்யான நோய். ஆனால் அது பால்மர் சொன்ன பிசகு அன்று. கையால் திருகும்போது எழும் சொடக்கு ஒலியும் எலும்பு இடம் சேரும் ஒலி அன்று. மூட்டின் பரப்புகள் சட்டென விலகுகையில் அங்குள்ள நீர்மத்தில் வளிக்குழி தோன்றுவதாலேயே அவ்வொலி எழுகிறது என்பதை, விரல் மூட்டுகளை எம்ஆர்ஐ வழியே பார்த்து 2015இல் கனடிய ஆய்வாளர்கள் படமெடுத்துக் காட்டினர்.

அப்படியாயின் வலி குறைவதெப்படி? வலிச் செய்தி மூளையை எட்டுமுன் தண்டுவடத்திலேயே பிற தொடு உணர்வுகளால் தடுக்கப்படலாம் என்று 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் முன்வைத்த வாயிற்கதவுக் கொள்கை, இதற்குப் பொருந்தும் விளக்கங்களுள் ஒன்று. அதன்படி கைச்சிகிச்சை நரம்பு மண்டலத்தைத் தொடுவது உண்மையே. ஆனால் தடையை நீக்கியன்று, புதிய உணர்வைச் செலுத்தியே. கீழ்முதுகு வலிக்கு மருந்தில்லா முறைகளுள் ஒன்றாக முதுகெலும்பைக் கையால் அசைப்பதை அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் ஏற்றது. எனினும் சான்றின் தரம் குறைவு என்றும் உடன் குறித்தது. பயன் உடற்பயிற்சி போன்ற பிற முறைகளை ஒத்ததேயன்றி மேம்பட்டதன்று என்பதே தொகுப்பாய்வுகளின் முடிவு. ஆஸ்துமா, காதுநோய், கைக்குழந்தைகளின் ஓயா அழுகை ஆகியவற்றைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்றில்லை.

பிரித்தானியாவில் இத்தொழிலை நெறிப்படுத்தும் பொது கைரோபிராக்டிக் மன்றமே, பிசகு என்பது வரலாற்றுக் கருத்து என்றும், அது நோய்க்குக் காரணம் என்று கூறத்தக்க மருத்துவச் சான்று இல்லை என்றும் 2010இல் அறிவித்தது. தன் தொழிலின் அடிக்கல்லைத் தானே பெயர்த்தெடுத்த அந்நேர்மை பாராட்டுக்குரியது.

கழுத்தை விரைந்து திருகும் முறையில் ஒரு தீங்கு கவனத்திற்குரியது. கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவர் கிழிந்து, பக்கவாதம் நேர்ந்த நிகழ்ச்சிகள் பதிவாகியுள்ளன. கழுத்து வலியே அக்கிழிசலின் முன்குறியாக இருக்கலாம் என்பதால் காரணம் எது, விளைவு எது என்ற விவாதம் தொடர்கிறது. நிகழ்வு மிக அரிதாயினும் கேடு பெரிது. மேலும், முதுகு வலியோடு கால் வலுவிழப்பதும், தொடைகளுக்கிடையே மரத்துப்போவதும், சிறுநீர் அடைபடுவதோ கட்டுப்பாடின்றிப் போவதோ நேர்வதும் தண்டுவடத்தின் கீழ்முனை நரம்புகள் மெய்யாகவே நசுங்குவதன் அறிகுறிகளாகும்; அவை தோன்றினால் எவர் கையிலும் முதுகைக் கொடுக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.