வியாழக்கிழமை விசுவாசம்: போதகர் பிராங்கேயும் ஹாலே பள்ளிகளும்

பக்தியியக்கத்தைப் பற்றி நம் மாணவர்கள் தேர்வில் எழுதும் விடைகளில் ஸ்பேனரின் பெயரும் 1675-ஆம் ஆண்டும் தவறாமல் இடம்பெறுகின்றன. கிறிஸ்தவம் வெறும் அறிவினால் அமைவதன்று, நடக்கையிலேயே அடங்கியது என்று அவர் 'பியா தெசிதேரியா' என்னும் சிறு நூலில் வற்புறுத்தியதையும் அவர்கள் பிழையின்றிக் குறிப்பிடுகின்றனர். அக்கருத்து ஒரு போதகரின் வீட்டு வாசலில் என்னவாயிற்று என்பதையே இங்கு நாம் காண விழைகிறோம்.

ஆகஸ்து எர்மான் பிராங்கே (1663–1727) எபிரேயமும் கிரேக்கமும் கற்றுத் தேர்ந்தவர். வேதத்தை மூலமொழிகளில் ஆராய லைப்சிக்கில் நண்பர்களுடன் ஒரு குழுவைத் தோற்றுவித்தவர். 1687-இல் லூனெபர்க் நகரில் தங்கியிருந்தபோது பிரசங்கம் செய்ய அழைக்கப்பட்டார். இயேசுவே கிறிஸ்து என விசுவாசித்து ஜீவனை அடைவதைப் பற்றிய யோவான் 20:31-ஐத் தெரிந்துகொண்டார். ஆயத்தம் செய்கையில், சபையாரிடம் எதை வற்புறுத்தவிருந்தாரோ அந்த விசுவாசம் தம்மிடமே இல்லை என்று உணர்ந்து திடுக்கிட்டார். கடும் போராட்டத்திற்குப்பின், முழங்காலில் நின்று ஜெபித்த ஓர் இரவில் நிச்சயம் பெற்று, அதன் பின்னரே பிரசங்க பீடம் ஏறினார். வாரந்தோறும் பிரசங்கம் ஆயத்தம் செய்யும் நமக்கு இது சற்று அச்சமூட்டும் நிகழ்ச்சி, ஊட்டட்டும்.

1692-இல் அவர் ஹாலே நகரை அடுத்த கிளௌகாவின் போதகரானார். ஹாலேயின் புதிய பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் பணியாற்றினார். கிளௌகா வறுமையும் குடியும் மலிந்த ஊர். வியாழக்கிழமைதோறும் ஏழைகள் குருமனை வாசலில் அப்பத்திற்காகக் கூடுவர். அப்பத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. பல குருமனைகளில் அவ்வாறே நடந்தது. பிராங்கே அவர்களை வீட்டிற்குள் அழைத்து, சிறுவரிடம் ஞானோபதேச வினாக்களைக் கேட்கலானார். அவர்களுடைய அறியாமை அவரைத் திகைக்கச் செய்தது. பள்ளிச் சம்பளத்திற்கென வாரந்தோறும் பணம் கொடுத்துப் பார்த்தார். பணம் பெறப்பட்டது, பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றபாடில்லை.

பின்னர் தமது அறையில் ஓர் உண்டியலை வைத்து, அதன்மேல் 1 யோவான் 3:17-ஐ எழுதினார். குறைச்சலுள்ள சகோதரனைக் கண்டும் இருதயத்தை அடைத்துக்கொள்பவனிடம் தேவ அன்பு எப்படி நிலைகொள்ளும் என்று வினவும் வசனம் அது. 1695-இல் ஒருவர் ஒரே தடவையில் அதில் 4 தாலரும் 16 குரோஷெனும் இட்டார். இது நல்ல மூலதனம், இதைக்கொண்டு ஏழைகளுக்குப் பள்ளி தொடங்குவேன் என்று பிராங்கே அன்றே துணிந்தார். இரண்டு தாலருக்கு 27 புத்தகங்கள் வாங்கப்பட்டன. ஓர் ஏழை மாணவர் சிறு ஊதியத்திற்கு ஆசிரியராக அமர்த்தப்பட்டார். புத்தகங்களை வீட்டிற்கு எடுத்துச் சென்ற 27 பிள்ளைகளில் நால்வரே அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தனர். ஏனையோர் பள்ளிப்பக்கம் தலைகாட்டவேயில்லை.

பிராங்கேயின் வரலாற்றில் நாம் அதிகம் மதிப்பது இந்த இடத்தையே. இத்தகைய ஏமாற்றத்திற்குப்பின் நம் சபைகளில் ஒரு கமிட்டி கூடும். 'இந்த ஜனங்களுக்கு நன்மை செய்து பயனில்லை' என்று தீர்மானம் எழுதப்படும். பிராங்கேயோ மிஞ்சிய பணத்தில் மறுபடியும் புத்தகங்கள் வாங்கினார். பாடம் முடிந்ததும் அவற்றைப் பள்ளியிலேயே வைத்துச் செல்ல வேண்டுமென ஒழுங்கு செய்தார். ஏழையை அவர் வெறுக்கவில்லை. அலமாரியின் சாவியையும் மறக்கவில்லை. 1698-இல் அநாதை இல்லத்திற்கு அஸ்திபாரக்கல் இடப்பட்டது. அவர் மரித்தபோது அப்பள்ளிகளில் பயின்றோர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர்.

குறையும் உண்டு. அங்கே பிள்ளைகளின் விளையாட்டு வீண்செயலாகக் கருதப்பட்டது. தேவனுக்கு முழு இருதயத்தையும் கொடுப்பதற்குப் பந்தைப் பறித்துக்கொள்வது அவசியமென நாம் எண்ணவில்லை.

ஹாலேயில் பயின்ற சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். விரைவில் அங்கும் பள்ளிகள் எழுந்தன. பெண்பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்தது. ஹாலே வாசலின் தொடர்ச்சியை நாம் இங்கு காணலாம். ஆயினும் அவ்வாசல் முழுவதும் திறக்கப்படவில்லை. நம் நாட்டு மிஷன் சபைகளில் சாதிவாரியாகப் பிரிந்து அமர்வதும், திருவிருந்துக்கு முன்பின் பார்த்து வருவதும் நெடுங்காலம் நீடித்தன. கல்கத்தாவின் பிஷப் தானியேல் உவில்சன் 1833-இல் சாதி வேற்றுமையைச் சபையிலிருந்து அடியோடு அகற்றவேண்டுமெனச் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர். அவர்கள் ஞானோபதேசம் அறியாதவர்களல்லர். உபதேசத்தைப் பற்றி அவர்களுக்கு வழக்கொன்றும் இல்லை. யாருக்குப் பக்கத்தில் உட்காருவது என்பதே வழக்கு.