பஃபரிங்... பஃபரிங்...

'பஃபரிங்' என்ற சொல்லை நம் தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்த புண்ணியவான் ரியல்ப்ளேயர். ஊரை விட்டு வந்து பம்பாயிலோ, டெல்லியிலோ, என்னை மாதிரி இந்தூரிலோ குப்பை கொட்டுபவர்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அந்த நீல நிற முத்திரை மறந்திருக்காது. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்து, ராகா தளத்தில் ஒரு ராஜா பாட்டைச் சொடுக்கினால், பாதி நேரம் சதவீதக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். பிபிசி தமிழோசையையும் அப்படி விட்டு விட்டுத்தான் கேட்டோம்.

இந்தப் பதிவு அந்த ப்ளேயரைப் பற்றி. சும்மா கொசுவர்த்தி சுற்றுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உலகத்துக்கே முதன்முதலில் ஒரு நல்ல பொருளைக் கொடுத்த கம்பெனி, அதைப் பயன்படுத்தியவர்களிடமே எப்படி இவ்வளவு திட்டு வாங்கியது என்பது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்த கேள்வி. பி.காம். படித்தவன் புத்தி, எதையும் வரவு செலவாகத்தான் பார்க்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த ராப் கிளேசர் என்பவர் அங்கிருந்து வெளியே வந்து 1994-இல் சியாட்டிலில் 'ப்ரோக்ரஸிவ் நெட்வொர்க்ஸ்' என்ற கம்பெனியை ஆரம்பித்தார். 1995 ஏப்ரலில் ரியல்ஆடியோ வந்தது. அதற்கு முன் இணையத்தில் ஒரு பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் முழுக் கோப்பையும் இறக்க வேண்டும். மூன்று நிமிடப் பாட்டுக்கு அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்று ஆகும். நடுவில் ஃபோன் லைன் கட்டானால் எல்லாம் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ரியல்ஆடியோவில் கோப்பு வந்துகொண்டிருக்கும்போதே கேட்கலாம். அதே வருடம் செப்டம்பர் 5-ஆம் தேதி சியாட்டில் மரைனர்ஸ் - நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையை இணையத்தில் நேரடியாக ஒலிபரப்பினார்கள். நம் ஊரில் விஎஸ்என்எல் இணைய சேவையைத் தொடங்கி அப்போது மூன்றே வாரம்தான் ஆகியிருந்தது (1995 ஆகஸ்ட் 15).

1997-இல் ரியல்வீடியோ வந்தது. தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிய சைஸில் படம் அசையும். அதையே வாயைப் பிளந்து பார்த்தார்கள். அந்த வருடம்தான் கம்பெனி 'ரியல்நெட்வொர்க்ஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டு, நவம்பரில் பங்குச் சந்தைக்கும் வந்தது.

பஃபரிங் என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. நேராகக் குழாயடியில் குளிக்க முடியாது. டிரம்மில் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து மொண்டு ஊற்ற வேண்டும். மொள்ளும் வேகம் குழாயின் வேகத்தை மிஞ்சினால் டிரம் காலி, சோப்பு நுரையோடு நிற்க வேண்டியதுதான். 28.8 கேபிபிஎஸ் மோடம் காலத்துக் குழாய் அவ்வளவு மெல்லியது. அந்த நூலில் மனிதக் குரல் புரிகிற அளவுக்குச் சுருக்கி அனுப்பியது உண்மையிலேயே பெரிய வித்தை. இன்றைக்கும் நான் அந்த இன்ஜினியர்களுக்கு சலாம் போடுவேன்.

ஆகவே, ஜனங்கள் திட்டியது பஃபரிங்குக்காக என்று நினைத்தால் தப்பு. அதைக் கிண்டல் செய்தார்களே தவிர, லைன் சரியில்லை என்று எல்லோருக்கும் தெரியும். கோபம் வேறு இடத்தில் இருந்தது.

முதல் கோபம், இலவச ப்ளேயரைக் கண்டுபிடிப்பது. கம்பெனி இரண்டு விதமாகக் கொடுத்தது: ஒன்று இலவசம், இன்னொன்று 'ப்ளஸ்', ஏறக்குறைய 30 டாலர். தளத்துக்குப் போனால் ப்ளஸ்ஸுக்கான பட்டன் பளபளவென்று நடுவில் இருக்கும். இலவசத்துக்கான சுட்டி ஏதோ ஒரு மூலையில் எறும்பு சைஸ் எழுத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடித்து இறக்கினால் மின்னஞ்சல் முகவரி கேட்கும். அடுத்து ஒரு பட்டியல் வரும். செய்தி, விளம்பரம், சலுகை எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே டிக் அடித்து வைத்திருப்பார்கள். மேலே தெரிகிற இரண்டு மூன்றை எடுத்துவிட்டு அப்பாடா என்று அடுத்த பக்கம் போவீர்கள். கீழே உருட்டிப் பார்த்தால்தான் மிச்சம் தெரியும்.

நிறுவிய பிறகு? கணினியைப் போட்டதும் கூடவே அதுவும் எழுந்துகொள்ளும். வேறு ப்ளேயரில் ஓடிக்கொண்டிருந்த எம்பி3 எல்லாம் இனி என்னோடது என்று எடுத்துக்கொள்ளும். 'மெசேஜ் சென்டர்' என்று ஒன்று, நீங்கள் பாட்டே கேட்காத நேரத்திலும் மூலையிலிருந்து எட்டிப் பார்த்து விளம்பரம் சொல்லும். ஒரு பாட்டுக் கேட்க வாசல் கதவைத் திறந்தால், ஆள் உள்ளே வந்து பாய் விரித்துப் படுத்துக்கொண்ட கதை.

1999 நவம்பரில் இன்னொரு பூதம் கிளம்பியது. ரிச்சர்ட் ஸ்மித் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், இதே கம்பெனியின் ரியல்ஜூக்பாக்ஸ் மென்பொருள், பயனர் என்னென்ன பாட்டுக் கேட்கிறார் என்ற விவரத்தை ஓர் அடையாள எண்ணோடு சேர்த்துக் கம்பெனிக்கு அனுப்புகிறது என்று கண்டுபிடித்தார். கம்பெனி மன்னிப்புக் கேட்டு, அதை நிறுத்தத் திருத்தமும் கொடுத்தது. ஆனாலும் விழுந்த கறை விழுந்ததுதான்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? கெட்ட எண்ணம் என்று ஒரே போடாகப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ப்ளேயரை இலவசமாகக் கொடுத்து, ஒலிபரப்புகிறவர்களுக்கு சர்வர் மென்பொருளை விற்றுச் சம்பாதிப்பதுதான் அவர்கள் கணக்கு. மைக்ரோசாஃப்ட் தன் மீடியா சர்வரை விண்டோஸ் என்டி-யோடு இலவசமாகவே கொடுத்தது. ப்ளேயரையும் விண்டோஸிலேயே வைத்துக் கட்டிக் கொடுத்தது. எதிர்க்கடைக்காரன் சும்மா கொடுக்கும்போது இவர்கள் யாரிடம் விற்பது? சர்வர் பக்கம் வருமானம் நெருக்க நெருக்க, மிச்சமிருந்தது இலவசமாக வாங்கிப்போன கோடிக்கணக்கான ஜனம்தான். அவர்களைப் பிழிய ஆரம்பித்தார்கள் என்பது என் அனுமானம். டார்கெட் என்ற சொல்லைத் தினமும் காலையில் கேட்கிற எவருக்கும் இது புரியும். லோன் கேட்டு வந்தவரிடம் இன்ஷூரன்ஸ் பாலிசியைச் சேர்த்துக் கட்டும் வித்தை எங்கள் தொழிலிலும் தெரியாததில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. 2000-ஆம் ஆண்டு வாக்கில் இணையத்தில் ஸ்ட்ரீமிங் ஆவதில் 85 சதவீதத்துக்கு மேல் ரியல் வடிவம்தான் என்று சொல்லப்பட்டது. வேறு போக்கிடம் இல்லாதவனுடைய முணுமுணுப்பு முதலாளி காதில் விழாது. பதிவு செய்த பயனர்கள் இத்தனை கோடி என்று கம்பெனி பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். அந்தக் கோடியில் எத்தனை பேர் வேறு வழியில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று யார் எண்ணுவது? கணக்குப் பதிவியலில் 'குட்வில்' என்று ஒரு தலைப்பு உண்டு. ஒரு வியாபாரத்தை விலைக்கு வாங்கும்போது அதன் நல்ல பெயருக்கும் ஒரு தொகை போட்டு சொத்துப் பக்கம் எழுதுவோம். கெட்ட பெயரை எழுதப் பொறுப்புப் பக்கத்தில் தலைப்பே கிடையாது. ரியல்நெட்வொர்க்ஸ் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இல்லாத தலைப்புதான் ஞாபகம் வரும்.

அந்தக் கடன் வசூலுக்கு வந்தபோது மொத்தமாக வந்தது. 'ரியல் ஆல்டர்நேட்டிவ்' என்று ஒரு தொகுப்பு பரவியது. அதன் வேலையே, ரியல்ப்ளேயரை நிறுவாமல் ரியல் கோப்புகளை ஓட்டுவதுதான். பொருள் வேண்டும், கடைக்காரர் வேண்டாம் என்று ஜனங்கள் சொல்லிவிட்டார்கள். 2006-இல் பிசி வேர்ல்டு பத்திரிகை, அதுவரை வந்ததிலேயே மிக மோசமான 25 தொழில்நுட்பப் பொருட்கள் என்று பட்டியல் போட்டபோது ரியல்ப்ளேயருக்கு இரண்டாம் இடம். முதலிடம் ஏஓஎல்லுக்கு. 2008 ஜனவரியில் ஸ்டாப்பேட்வேர் அமைப்பு, ரியல்ப்ளேயர் 10.5 விளம்பர மென்பொருளைச் சரியாகச் சொல்லாமல் நிறுவுகிறது என்று அதைக் 'கெட்ட மென்பொருள்' கணக்கில் சேர்த்தது.

வேடிக்கை என்னவென்றால், இதற்குள் கம்பெனி வழக்கில் ஜெயித்த மாதிரிதான். 2003 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குப் போட்டு, 2005 அக்டோபரில் சமரசமாகி, 76 கோடி டாலர் சொச்சம் பெற்றது. பெட்டி நிறையப் பணம் வந்தது. போன ஜனம் திரும்பி வரவில்லை.

ஜனம் எங்கே போனது? ஃப்ளாஷுக்கு. 2002-இல்தான் ஃப்ளாஷில் வீடியோ ஓடும் வசதி வந்தது. 2005-இல் யூட்யூப் அதை வைத்துக் கடை திறந்தது. தரத்தில் அப்போது ஃப்ளாஷ் வீடியோ ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் அது ஏற்கெனவே பிரவுசருக்குள் இருந்தது. விளம்பரம், விளையாட்டு என்று எதற்காகவோ முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. தனி ஜன்னல் இல்லை, டிக் பெட்டி இல்லை, மின்னஞ்சல் கேட்கவில்லை. முக்கோணத்தை அமுக்கினால் படம் ஓடியது. பெரும்பாலான பேருக்கு ஃப்ளாஷ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு ப்ளக்-இன்னுக்கு இதைவிட நல்ல சர்டிபிகேட் கிடையாது.

அந்த நல்ல பெயரும் நிலைக்கவில்லை. பிரவுசர் அடிக்கடி படுத்தது, லேப்டாப் விசிறி ஆலை மாதிரி இரைந்தது, பாதுகாப்பு ஓட்டைகள் மாசாமாசம் வந்தன. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதமே எழுதினார். 2015 ஜனவரியில் யூட்யூப், ப்ளக்-இன் தேவைப்படாத எச்டிஎம்எல்5-க்கு மாறியது. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி ஃப்ளாஷை மூட்டை கட்டியது. நடுவில் மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் 2007-இல் வந்து, பெய்ஜிங் ஒலிம்பிக்ஸை அமெரிக்கர்களுக்குக் காட்டி, 2021 அக்டோபரில் போய்ச் சேர்ந்தது. அதைப் பாராட்டியவரையும் திட்டியவரையும் நம் பக்கம் நான் அதிகம் பார்த்ததில்லை.

கடைசியாக ஒரு உபகாரச் செய்தி. பரணில் பழைய சிடிக்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அக்கா கல்யாணத்தை யாராவது கணினியில் ஏற்றி வைத்ததோ, ரேடியோவில் வந்த பேட்டியோ, 'ஆர்எம்' என்று முடியும் கோப்பாக இருக்கலாம். விஎல்சி ப்ளேயரில் பெரும்பாலும் ஓடிவிடும். ஓடியதும் எம்பி4 ஆக மாற்றி இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'ராம்' என்று முடிகிற கோப்பாக இருந்தால் மட்டும் முதலில் அளவைப் பாருங்கள். சில நூறு பைட்டுகள்தான் இருக்கும். நோட்பேடில் திறந்தால் ஒரே ஒரு வரி, பாட்டு எந்த சர்வரில் இருந்ததோ அந்த முகவரி. பாட்டையே சேமித்துவிட்டதாக நினைத்து அந்தக் காலத்தில் பலர் சிடி சிடியாக எழுதி வைத்தது இதைத்தான். அந்த சர்வர்களில் பெரும்பாலானவை இப்போது இல்லை.