யுகுலேலேயும் வஜ்ஜிரமும்

யுகுலேலேயை வெயிலில் நிற்கும் காரில் வைக்காதே என்று எல்லாரும் சொல்வாங்க. ஏன் என்று தெரிய 1879-க்குப் போகணும்.

அந்த வருஷம் ஆகஸ்டில், போர்ச்சுகலின் மடெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிய ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல், சுமார் 4 மாதப் பயணத்துக்குப் பின் ஹொனலுலு வந்தது. அதில் மனுவேல் நூனெஸ், அகுஸ்தோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாந்தோ என மூன்று மரத்தச்சர்கள். பிறகு ஹொனலுலுவில் கடை போட்டு, தங்கள் ஊரின் மச்சேட் கருவியை ஹவாய் மரத்தில் செய்து விற்றார்கள். அதுதான் யுகுலேலே ஆச்சு.

அந்தக் காலத் தச்சர்களின் பசை வஜ்ஜிரம்; மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுப்பது. சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்துப் பூசுவார்கள், ஆறினால் இறுகும். மறுபடி சூடும் ஈரமும் காட்டினால் இளகிவிடும். இது குறை இல்லீங்க! பலகையை உடைக்காமல் பிரித்துப் பழுது பார்க்க முடிவதும், நூறு வருஷக் கருவிகள் பல இன்னும் ஒலிப்பதும் இதனால்தான்.

கண்ணாடி ஏத்திவிட்ட காருக்குள்ளே கோடையில் அதே 60 டிகிரி வந்துடும். பழுது பார்ப்பவர் நிதானமாகச் செய்வதை, அங்கே வெயில் கேட்பாரில்லாமல் செய்யுது. தந்திகள் வேறு இழுத்துக்கொண்டே இருப்பதால் பிரிட்ஜ் பெயரலாம், மெல்லிய பலகை காய்ந்து வெடிக்கலாம். இன்றைய வெள்ளை, மஞ்சள் மரப்பசைகளும் இந்தச் சூட்டில் நெகிழத்தான் செய்யும்.

தாத்தா காலத்துக் கருவி கையில் இருந்தால், கடைக்குள் போகும்போது அதையும் தூக்கிட்டுப் போங்க.