வயிற்றில் பை வைத்த பிறகு பின்வழியில் வரும் சளி: தெரிந்துகொள்ள வேண்டியவை

பெருங்குடலில் புற்றுநோய், அடைப்பு, விபத்துக் காயம் போன்றவை ஏற்படும்போது குடலின் ஒரு பகுதியை வயிற்றின் வழியாக வெளியே திறந்துவிடும் அறுவை சிகிச்சைக்குக் கொலோஸ்டமி என்று பெயர். "வயிற்றில் பை வைத்திருக்கிறது" என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். மலம் பையில் சேர்ந்துவிடுகிறது. ஆனாலும் ஆசனவாய் வழியாகச் சளி போல ஏதோ கசிகிறது. ஆபரேஷன் சரியாக நடக்கவில்லையோ, இனி ஒளு நிற்காதோ என்று கலங்கி, வீட்டாரிடமும் சொல்லாமல் பள்ளிவாசலுக்கு வருவதையே நிறுத்திவிடுபவர்கள் உண்டு.

ஏன் வருகிறது?

மலம் வழுக்கிச் செல்வதற்காகக் குடலின் உட்சுவர் எப்போதும் சளியைச் சுரந்துகொண்டே இருக்கும். பை வைத்த பிறகு மலம் மலக்குடலுக்கு வராவிட்டாலும் இந்தச் சுரப்பு நிற்பதில்லை. சேர்ந்த சளி, முட்டையின் வெள்ளைக்கரு போலவோ பசை போலவோ வெளியேறும். சிலருக்குத் தினமும் வரும். சிலருக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை வரும். மலம் கழிக்க வேண்டும் போன்ற உணர்வும் ஏற்படலாம். மலக்குடலையும் ஆசனவாயையும் முழுவதும் அகற்றியவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்களுக்குக் கசிவு இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

என்ன செய்யலாம்?

தினமும் ஒரு நேரம் கழிவறையில் அமர்ந்து மெதுவாக முயன்றால் சளி வெளியேறிவிடும். பலமாக முக்கக் கூடாது. உள்ளேயே காய்ந்து உருண்டையாகிவிட்டால், மருத்துவரைக் கேட்டு கிளிசரின் மாத்திரையை ஆசனவாயில் வைக்கலாம். கசிவுக்குப் பேட் வைத்து, தோல் புண்ணாகாமல் கிரீம் தடவிக்கொள்ளலாம்.

இரத்தம், சீழ், கடும் துர்நாற்றம், காய்ச்சல், வலி ஆகியவற்றில் எது தென்பட்டாலும் தாமதிக்காதீர்கள். மலம் செல்லாத குடல் பகுதியில் அழற்சி வருவதுண்டு. அதற்குச் சிகிச்சையும் உண்டு. ஆபரேஷன் செய்த மருத்துவரிடமோ, முள்ளூரில் 2017 முதல் இயங்கும் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரியிலோ காட்டலாம்.

தொழுகை

பின்வழியில் எது வெளியேறினாலும் ஒளு முறியும்; சளியும் அப்படியே. ஆனால் அதனால் தொழுகை நீங்கிவிடாது. தொடர் உதிரப்போக்கால் அவதிப்பட்ட ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரளி) அவர்களைத் தொழுகையை விட்டுவிடும்படி நபி (ஸல்) சொல்லவில்லை; ஒவ்வொரு தொழுகைக்கும் ஒளு செய்யச் சொன்னார்கள். நிற்காத கசிவு உள்ளவர்களுக்கான சட்டத்தை நம் இமாம்கள் இதிலிருந்தே விளக்கினார்கள்.

கசிவு எப்போதாவதுதான் வருகிறதென்றால், அது வந்த பின் சுத்தம் செய்து ஒளு செய்தால் போதும். தொழுகைக்கு முன்பே கழிவறையில் அமர்ந்து சளியை வெளியேற்றிவிடும் பழக்கம் இதற்கு மிகவும் உதவும்.

ஒளு செய்து தொழுவதற்குக்கூட இடைவெளியின்றிக் கசிந்தால் அவர் தங்கடமுள்ளவர். வக்து வந்த பின் கழுவி, பேட் மாற்றி, ஒளு செய்து தொழ வேண்டும். இடையில் கசிந்தாலும் தொழுகை கூடும். ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு பர்ளுக்கும் தனி ஒளு வேண்டும்; தாமதிக்காமல் தொழ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் ஒரு வக்துக்கு ஓர் ஒளு போதும். பையைப் பொறுத்தவரை, தொழுகைக்கு முன் காலி செய்துகொள்வது நல்லது.

சளி வெளியேறுவதால் நோன்பு முறியாது. ஆனால் ஆசனவாயில் மருந்து வைத்தால் முறியும் என்பதே இரு மத்ஹபுகளின் சட்டம். அதனால் ரமளானில் அதை இரவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூல நோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரளி) அவர்கள் தம் தொழுகையைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள். நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் படுத்தும் தொழ வழி கிடைத்தது. ஸஹாபி கேட்கத் தயங்காத விஷயத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை. உடலைப் பற்றி மருத்துவரிடமும், மஸ்அலாவை உங்கள் ஊர் ஆலிமிடமும் தாராளமாகக் கேளுங்கள். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் கேட்க இடம் கொடுங்கள்.