ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை

வரலாற்றுப் பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. சோழர், பாண்டியர்னு எதிர்பார்த்து உள்ள வந்தவங்க மன்னிச்சுக்கோங்க. இது கழுத்துல தண்டுவடம் அடிபட்டவங்களோட வரலாறு. அவங்களைப் புரட்டிப் போட்டு உயிரோட வெச்சிருந்த வீட்டு ஆளுங்களோட வரலாறும்கூட. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

எங்க ஊர் மேலநீலிதநல்லூர். சங்கரன்கோவில்ல இருந்து திருநெல்வேலி போற ரோட்டுல வரும். கோடை லீவு விட்டா பயலுக மொத்தமும் கிணத்துலதான் கிடப்போம். 2014 மே மாசம், நான் ப்ளஸ் டூ முடிச்சுட்டு ரிசல்ட்டுக்கும் கவுன்சிலிங்குக்கும் நடுவுல சும்மா சுத்திட்டு இருந்த நேரம். பெரியம்மா பையன், எனக்கு ஒரு வயசு சின்னவன், மோட்டார் ரூம் மேல இருந்து தலைகீழா பாஞ்சான். அந்த வருசம் தண்ணி கொஞ்சந்தான் கிடந்துச்சு. குப்புற மிதந்தான். நடிக்கான்னு நினைச்சு சிரிச்சோம். திருப்பினதும், "கை கால் எங்க இருக்குன்னு தெரியலண்ணே"ன்னான்.

நாலு பேர் சேர்ந்து ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு காலுன்னு பிடிச்சு படியேத்திக் கொண்டு வந்தோம். தலை தொங்கிட்டே வந்துச்சு. நான் பிடிச்சது வலது கை.

ஆபரேசன் நடந்துச்சு, பிளேட் வெச்சாங்க. அப்புறம் ஒரு நாள் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, நல்லா பாத்துக்கோங்க"ன்னு அனுப்பிட்டாங்க. நல்லா பாத்துக்கறதுன்னா என்னன்னு பெரியம்மாவுக்கு யாரும் சொல்லல. வாய்க்கு ருசியா சமைச்சுப் போட்டா. அசைச்சா வலிக்குமோன்னு பயந்து புள்ளையை அசைக்காம வெச்சிருந்தா. மூணாவது வாரம் இடுப்புக்குக் கீழ, வால் எலும்பு இருக்கற இடத்துல ரூபாய் அளவுக்கு ஒரு புண்ணு. அடுத்து அது உள்ளங்கை அளவு ஆச்சு. அவனுக்கு வலிக்கவே இல்ல. அதுதான் விசயமே.

இங்கேர்ந்து வரலாறு.

எட்வின் ஸ்மித் பாப்பிரஸ்னு எகிப்துல கிடைச்ச ஒரு மருத்துவச் சுவடி இருக்கு. சுமார் 3600 வருசப் பழசு. கழுத்து எலும்பு நகர்ந்து கை கால் விளங்காமப் போனா என்ன செய்யணும்னு அதுல எழுதியிருக்கு: இது வைத்தியம் பார்க்கக்கூடிய நோய் இல்ல. அவ்வளவுதான். கொடுமை என்னன்னா, முதல் உலகப்போர் வரைக்கும் நிலைமை கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்துச்சு. தண்டுவடத்துல குண்டடி பட்ட சிப்பாய்கள்ல பெரும்பாலானவங்க சில வாரத்துல, சில மாசத்துல செத்துப் போனாங்க. கொன்னது குண்டு இல்ல. படுக்கைப் புண்ணும் மூத்திரத் தொற்றும்தான்.

இதை மாத்தினவர் லுட்விக் குட்மன். ஜெர்மனியில இருந்து நாஜிகளுக்குத் தப்பி 1939ல இங்கிலாந்து வந்த யூத நரம்பியல் டாக்டர். 1944 பிப்ரவரியில ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில தண்டுவட வார்டு ஒண்ணை ஆரம்பிச்சார். அவர் புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கல. நோயாளியை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டணும். ராத்திரி, பகல், ஞாயித்துக்கிழமை எதுவும் கணக்கில்ல. அதோட மூத்திரப்பை விசயத்துல சுத்தம். அவ்வளவுதான். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கின அதே நாள்ல, தன்னோட ஆஸ்பத்திரித் தோட்டத்துல சக்கர நாற்காலிக்காரங்க 16 பேரை வெச்சு வில்வித்தைப் போட்டி நடத்தினார். பாராலிம்பிக்ஸ் அங்கேர்ந்து வளர்ந்ததுதான். எல்லாரும் போட்டியைத்தான் ஞாபகம் வெச்சிருக்காங்க. எனக்கென்னவோ அந்த ரெண்டு மணி நேரம்தான் பெருசாத் தெரியுது.

ஆனா அங்க புரட்டுறதுக்கு நர்ஸ் இருந்தாங்க. இங்க யாரு?

அதுக்குப் போறதுக்கு முன்னாடி இன்னொரு பேரையும் சொல்லிடறேன், ஜாக் லாப்பிடஸ். அமெரிக்க டாக்டர். மூத்திரப்பையைக் குழாய் விட்டுக் காலி பண்ண, கிருமியே இல்லாத ஆஸ்பத்திரிச் சூழல் அவசியமில்ல, சோப்பு போட்டுக் கை கழுவி, சுத்தமான குழாயை நேரம் தவறாமப் போட்டு எடுத்தாலே போதும்னு 1972ல சொன்னார். முதல்ல நம்பாதவங்க நிறைய. ஆனா யோசிச்சுப் பாருங்க, ஆஸ்பத்திரி வேலை ஒண்ணு அன்னைக்குத்தான் அம்மாக்களோட கைக்கு வந்துச்சு. குழாயும் சோப்பும் இருந்தா மேலநீலிதநல்லூர்லயும் செய்யலாம்.

நம்ம பக்கத்துக் கதை வேலூர்ல தொடங்குது. மேரி வர்கீஸ், சி.எம்.சி.யில இளம் டாக்டர். 1954ல வேன் கவிழ்ந்து இடுப்புக்குக் கீழ செயலிழந்து போனாங்க. சக்கர நாற்காலியில உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளோட கைக்கு ஆபரேசன் பண்ணினாங்க. (பால் பிராண்ட் அந்த வேலையை அங்க நடத்திட்டு இருந்த காலம்.) பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்தாங்க. 1966ல வேலூர்ல மறுவாழ்வு மையம் திறந்துச்சு. 1972ல பத்மஸ்ரீ. அங்க நோயாளியோட வீட்டு ஆளும் கூடவே தங்கணும். புரட்ட, தூக்கி நாற்காலியில வைக்க, குழாய் போட அவங்களுக்கும் சொல்லிக் கொடுப்பாங்க. நர்ஸ் இல்லாத நாட்டுல குட்மனோட வார்டை வீட்டுக்கு அனுப்பி வைக்க இதுதான் வழி.

வேலூர் எங்களுக்கு ரொம்ப தூரம். ஆனா சுரண்டைப் பக்கமாப் போனா ஆய்க்குடி வந்துரும். அந்த ஊர்க்காரர் ராமகிருஷ்ணன். 1975 ஜனவரியில, இன்ஜினியரிங் படிச்சுட்டு இருந்தவர், கடற்படை அதிகாரித் தேர்வுக்கு பெங்களூர் போனார். உடல்தகுதிச் சோதனையில கீழ விழுந்து கழுத்துக்குக் கீழ எல்லாம் போச்சு. ராணுவ ஆஸ்பத்திரியில அவரைப் பார்த்தவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல். அங்கேர்ந்து ஊருக்குத் திரும்பி வந்தார். 1981, சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. அந்த வருசம் அஞ்சு பிள்ளைகளோட ஒரு கூரைக் கொட்டகையில பள்ளிக்கூடம் ஆரம்பிச்சு, அந்த டாக்டர் பேரையே வெச்சார்: அமர் சேவா சங்கம். 2020ல அவருக்குப் பத்மஸ்ரீ கிடைச்சுது.

1975க்கும் 1981க்கும் நடுவுல ஆறு வருசம் இருக்கு பாருங்க. ஒரு வரியில தாண்டிப் போயிடறோம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கன்னா ஒரு நாளைக்கு 12 தடவை, வருசத்துக்கு 4380. ஆறு வருசத்துக்கு 26,000க்கு மேல. (சாஃப்ட்வேர்க்காரன் புத்தி, கணக்குப் போடாம விடாது.) தண்டுவடம் போன எந்த வீட்டுலயும் இந்த வேலையை யாரோ செஞ்சுதான் ஆகணும்.

பிரீத்தி சீனிவாசன் கதையைப் படிக்கும்போதும் இதேதான் தோணுச்சு. தமிழ்நாடு 19 வயசுக்குட்பட்ட பெண்கள் கிரிக்கெட் அணிக்குக் கேப்டன், நீச்சல்காரி. 1998 ஜூலை 11, புதுச்சேரி கடற்கரை, தொடையளவு தண்ணி. கால் இடற, தண்ணிக்குள்ள பாஞ்சாங்க. அந்த நொடியில கழுத்துக்குக் கீழ எல்லாம் நின்னுருச்சு. அப்போ 18 வயசு. அதுக்கப்புறம் அப்பாவும் அம்மாவும்தான் கை, கால் எல்லாம். 2007ல அப்பா திடீர்னு போயிட்டார். அதையொட்டியே அம்மாவுக்கும் இதயத்துல பிரச்சினை. இவங்களுக்கும் ஏதாச்சும் ஆயிட்டா நான் எங்க போறதுன்னு தேடினா, இந்த நிலைமையில இருக்கற பொண்ணுங்களைக் காலத்துக்கும் வெச்சுப் பாத்துக்கற இடமே கிடைக்கல. அந்தத் தேடல்ல பிறந்ததுதான் 2013ல திருவண்ணாமலையில தொடங்கின சோல்ஃப்ரீ. தன்னம்பிக்கைக் கதைன்னு இதை ஃபார்வர்ட் பண்ணுறவங்க அந்த அம்மா, விஜயலட்சுமி, பேரை விட்டுடறாங்க. எனக்கு அதுல கோவம் உண்டு.

எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன். புண்ணு பெருசான பிறகு யாரோ சொல்லி ஆய்க்குடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. தண்டுவடம் பாதிச்சவங்களுக்குன்னு அங்க தனிப்பிரிவு இருக்கு. கூடத் தங்கினது பெரியம்மாவும் அக்காவும். அங்கதான் பெரியம்மாவுக்கு முதல் தடவையா எல்லாம் புரிஞ்சுது. அடிபட்ட இடத்துக்குக் கீழ வேர்க்காதுங்கறதே எங்களுக்குத் தெரியாது. நம்ம ஊர் கத்திரி வெயில்ல உடம்பு அப்படியே கொதிக்கும், காய்ச்சல்னு நினைச்சு மாத்திரை கொடுத்துட்டு இருந்தோம். ஈரத்துணி போட்டுத் துடைச்சு ஃபேனைப் போட்டாப் போதும். திடீர்னு தலைவலி மண்டையைப் பிளந்து மூஞ்சி செவந்துச்சுன்னா உடனே குழாய் அடைச்சிருக்கான்னு பாக்கணும். மூத்திரப்பை நிறைஞ்சாலே ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறிடுமாம். இதெல்லாம் பெரியம்மா இப்போ தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவா.

வீட்டுக்கு வந்ததும் முறை போட்டாங்க. ராத்திரி பத்தும் பன்னெண்டும் அக்கா. ரெண்டும் நாலும் பெரியப்பா, எப்படியும் பிச்சிப்பூ பறிக்க விடியுமுன்ன எந்திரிக்கணும்லா. சங்கரன்கோவில் மார்க்கெட்டுக்குப் போற பூக்கணக்கு நோட்டுலேயே பின்பக்கமா "இடது 2.00, வலது 4.10"ன்னு எழுதி வெச்சிருக்கார். பகல் பூரா பெரியம்மா. புண்ணு ஆற பதினோரு மாசமாச்சு. அந்த வருசம் அக்கா பி.எட். சேர்றதா இருந்துச்சு, சேரல. அதுக்கு அடுத்த வருசமும் சேரல. அவளுக்குக் கல்யாணமும் தள்ளித் தள்ளி 2021லதான் ஆச்சு. இதை அவ குறையாச் சொன்னதில்ல, அதனால யாரும் கணக்குல சேர்க்கவும் இல்ல. நான் சேர்க்கறேன்.

நான் அந்த ஆகஸ்ட்லயே காலேஜ் போயிட்டேன். ஹாஸ்டல், அரியர், கேம்பஸ், சென்னை. தம்பி பிறகு வீட்டுல இருந்தே ப்ளஸ் டூ எழுதினான், சொல்லச் சொல்ல எழுதறதுக்கு ஆள் வெச்சு. இப்போ கட்டை விரலாலயும் முட்டியாலயும் போனைத் தட்டி ஊர்க்காரங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கான்.

ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்லிடறேன், கிணத்துல குளிக்கற பயலுக படிச்சா உதவும். தலைகுப்புற விழுந்தவனைக் கை காலைப் பிடிச்சுத் தூக்காதீங்க. மூச்சு விட முகம் மேல இருக்கட்டும், தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டுல இருக்கற மாதிரி தாங்கிப் பிடிச்சுத் தண்ணியிலேயே மிதக்க விடுங்க. பலகையோ கதவோ கொண்டு வரச் சொல்லி, அதுல கட்டி மேல ஏத்துங்க. 108க்குப் போன் போடுங்க.

நாங்க தூக்கினதுலதான் இன்னும் கெட்டுப் போச்சான்னு ஒரு பிசியோகிட்ட கேட்டேன். சொல்ல முடியாதுன்னார். தம்பிகிட்ட இதைப் பத்தி இன்னும் பேசல. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ ராத்திரி ரெண்டு மணி முறையை நான் எடுத்துக்கிட்டேன். பெரியப்பாவுக்கு இப்போ முட்டி வலி. அலாரம் வெச்சு எந்திரிச்சு, முழங்காலுக்கு நடுவுல தலையணை வெச்சு இடது பக்கம் திருப்பினேன். சத்தம் கேட்டுப் பெரியம்மா வந்தா. "தள்ளுய்யா"ன்னு சொல்லி, தலையணையை உருவித் திரும்ப அவளே வெச்சுட்டுப் போய்ப் படுத்துக்கிட்டா.